சோழிக்குள் அடங்கிய சந்திரன்

உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறதே, அந்தப் பஞ்சாங்கத்தை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். அமாவாசைக்கு விரதம் இருக்கவும், பெண்ணுக்கு நாள் பார்க்கவும், கிரகணத்தன்று எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் நாம் அதைப் புரட்டுகிறோம். ஆனால், 'இதையெல்லாம் யார், எப்படிக் கணக்கிட்டார்கள்?' என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தால் சமைத்தவளை யாரும் விசாரிப்பதில்லை அல்லவா? அதைப்போலத்தான் இதுவும்!

அந்தக் கணக்கின் அடியில் ஒரு பெரிய எண் உட்கார்ந்திருக்கிறது. பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு: 16,00,984. பார்ப்பதற்கு ஏதோ பாங்கிக் கணக்கு நம்பர் மாதிரி இருக்கிறது. ஆனால், இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு இந்த எண்ணைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் புதுச்சேரியில் கற்றுக்கொண்டு பாரிஸுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த வான சாஸ்திரிகள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அந்தக் கதையையும் அந்த எண்ணின் குணங்களையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். 'ஐயோ, கணக்கா!' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அரிசி அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மேகம் செய்த சதி

1760-ஆம் வருஷம் கியோம் லெ ஜாந்தி என்ற வான சாஸ்திரி பிரான்ஸிலிருந்து கப்பல் ஏறினார். சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோகும் அபூர்வக் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து பார்த்து அளக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க அந்த அளவுகள் உதவும். நாள், 1761 ஜூன் 6.

அவர் வந்து சேருவதற்குள் யுத்தம் முந்திக்கொண்டது. அந்த ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. சுக்கிரன் கடந்த அன்று லெ ஜாந்தி நடுக்கடலில், ஆடுகிற கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தார். கண்ணால் பார்த்தார், ஆனால் அளக்க முடியவில்லை.

அடுத்த தடவை எப்போது? எட்டு வருஷம் கழித்து. அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மனிதர் ஊருக்குத் திரும்பவில்லை. இந்து மகாசமுத்திரத்துத் தீவுகளில் சுற்றினார்; மணிலாவுக்குப் போனார்; 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்தார். நகரம் அப்போது மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்தது. இடிந்து கிடந்த கோட்டையின்மேல் அவருக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டித் தந்தார்கள்.

1769 ஜூன் 4, விடியற்காலை. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அன்று மட்டும் மேகம் வந்து மூடிக்கொண்டது. சுக்கிரன் கடந்து முடிந்த பிறகு, வேண்டுமென்றே கேலி செய்வதுபோல் வானம் வெளுத்தது!

1771-இல் அவர் பாரிஸுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். வாரிசுகள் சொத்தைப் பங்கு போடப் புறப்பட்டிருந்தார்கள். விஞ்ஞானச் சங்கத்தில் அவருடைய இடமும் பறிபோயிருந்தது.

பதினோரு வருஷ அலைச்சலுக்குப் பலன் ஒன்றுமே இல்லையா? இருந்தது. சுக்கிரனுக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் உட்கார்ந்து, கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தார். பேனா இல்லை, காகிதம் இல்லை. சோழிகளை வைத்தே கணக்குப் போடுகிறார்கள் என்பதைக் கண்டு அவர் வியந்துபோனார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தைத் தமிழ் முறைப்படி கணக்கிட்டபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் வந்த பிசகு 41 விநாடிதான். அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. இதை லெ ஜாந்தியே எழுதி வைத்திருக்கிறார்.

தரையில் ஒரு கிரகணம்

அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருஷம் கழிந்தது. இன்னொரு வெளிநாட்டுக்காரர் வந்தார். ஜான் வாரன் என்று பெயர். பிரெஞ்சு வம்சம், பிறந்தது இத்தாலியில், வேலை பார்த்தது ஆங்கிலேயர் சேனையில். 1805 முதல் 1811 வரை சென்னை நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 1830-இல் இங்கேயே காலமானார். நம்முடைய கால கணிதத்தைப் பற்றி 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகத்தை எழுதி, 1825-இல் சென்னையில் வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். வாரன் எழுதியிருக்கிறபடி வாசித்தால் அவர் பெயர் 'ஸாமி நாடன் ஸாஷியா' என்று ஒலிக்கிறது. நம் வாய்க்கு ஸ்வாமிநாத சேஷய்யா என்று வைத்துக்கொள்ளலாம். 1825 மே 31-ஆம் தேதி இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தை அவர் வாரனுக்குக் கணக்கிட்டுக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணை எதையும் பார்க்கவில்லை, எல்லாம் மனப்பாடம். கூட்டினார், கழித்தார், வகுத்தார். சோழிகள் இங்கிருந்து அங்கே நகர்ந்தன. கிரகணம் பிடிப்பது எப்போது, நடு எப்போது, விடுவது எப்போது என்று சொல்லிவிட்டார்.

வாரன் ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த மனிதருக்கு வான சாஸ்திரத் தத்துவம் ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். ஆனால் ஞாபக சக்தி மட்டும் அபாரமாம். இந்த வார்த்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கலம், மரக்கால், படி

சேஷய்யா செய்தது என்ன? பழைய நாளில் நெல் அளந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் கலக் கணக்கு. கலத்துக்குப் போதாமல் மிஞ்சியதை மரக்காலால் அளப்பார்கள். மரக்காலுக்கும் போதாததைப் படியால் அளப்பார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும்.

சந்திரனை அளப்பதற்கும் இப்படி மூன்று அளவுகள் இருந்தன: 12,372 நாள், 3,031 நாள், 248 நாள்.

ஏன் இந்த எண்கள்? சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும், அருகில் வரும்போது விரைவாகவும் நடக்கிறது. மெதுவான இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அதே மெதுவான இடத்துக்கு வர, ஏறக்குறைய 27 நாள் 13 மணி 18½ நிமிஷம் ஆகிறது. இந்த அரையும் குறையுமான எண்ணை வைத்துக்கொண்டு சோழியில் கணக்குப் போட முடியுமா? அதனால் முன்னோர்கள் முழு நாட்களைத் தேடினார்கள். அப்படிப்பட்ட 9 சுற்றுக்கள் சேர்ந்தால் 248 நாள். பிசகு 13 நிமிஷந்தான். 110 சுற்றுக்கள் சேர்ந்தால் 3,031 நாள். பிசகு ஒரு நிமிஷங்கூட இல்லை! அந்த 3,031-ஐ நான்கு தடவை எடுத்து, ஒரு 248-ஐச் சேர்த்தால் 12,372. அது 449 சுற்றுக்கள். ஏறக்குறைய 34 வருஷம். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பிசகு பத்து நிமிஷம்.

சரி, அந்தப் பதினாறு லட்சத்துச் சொச்சம் எங்கே வருகிறது? கலியுகம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18-ஆம் தேதியிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வர வேண்டும். 16,00,984 நாள் கழிந்த அன்று காலை, சூரியன் உதிக்கும்போது, சந்திரன் சரியாக அந்த மெதுவான இடத்தில் நிற்பதாகக் கணக்கு. அது 1282-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி. சோழ சாம்ராஜ்யம் மறைந்து பாண்டியர் தலையெடுத்திருந்த காலம். அந்த நாளைக் கோலத்தின் முதல் புள்ளிபோல வைத்துக்கொண்டால், அதன் பிறகு வரும் எந்த நாளுக்கும் அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரலாம்.

சேஷய்யாவின் கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காகிதமும் பென்ஸிலும் கொண்டு வாருங்கள். 1825 மே 31 காலை வரை கழிந்த கலி நாட்கள் 17,99,312. அதில் 16,00,984-ஐக் கழித்தால் 1,98,328. இதில் 12,372 எத்தனை தடவை போகும்? 16 தடவை; மிச்சம் 376. அதில் 3,031 போகாது. 248 ஒரு தடவை போகும், மிச்சம் 128.

அவ்வளவுதான்! பதினெட்டு லட்சம் நாள் சுருங்கிச் சுருங்கி, கையில் 128 என்ற கைப்பிடி நிற்கிறது. 248 நாட்களுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் உண்டு. 128-ஆம் வாக்கியத்தைச் சொன்னால், சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது வந்துவிடும். முன்னால் வகுத்த ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தொகையைக் கூட்ட வேண்டும். ஒரு 248-க்கு 27 பாகை 44 கலை 6 விகலை என்கிற மாதிரி. பிறகு சூரியன், ராகு, பூமியின் நிழல் என்று கணக்கு மேலே போகிறது. இந்த வாக்கியங்களால்தான் நம் பஞ்சாங்கங்களில் ஒரு வகைக்கு 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்று பெயர் வந்தது.

எண்ணுக்குள் எழுத்து

248 வாக்கியங்களையும் இந்தப் பெரிய எண்களையும் எப்படி மறக்காமல் வைத்திருந்தார்கள்? எண்களை வார்த்தையாக்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் சங்கீதம் கற்றுக்கொள்ளும் குழந்தை இருந்தால் விஷயம் எளிதில் விளங்கும். முதலில் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளை, மேளகர்த்தாவில் எத்தனையாவது? பதினைந்தாவது. 'மா' என்பது 5. 'யா' என்பது 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 15. 'கடபயாதி' என்ற இந்த முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு.

248-க்குப் புதுச்சேரியில் வழங்கிய பெயர் 'தேவரம்'. 'தே' 8, 'வ' 4, 'ர' 2. திருப்பிப் படியுங்கள்: 248. அதேபோல 12,372-க்கு 'ரஸகைரிக' என்று பெயர். 'ர' 2, 'ஸ' 7, 'கை' 3, 'ரி' 2, 'க' 1. (வடமொழி உச்சரிப்பில் அந்தக் 'கை' மூன்றாவது ககரம், அதனால் 3.) 3,031-க்குக் 'காலனிலம்'. 'கா' 1, 'ல' 3, 'னி' 0, 'ல' 3. பெரிய எண்ணான 16,00,984-ஐ 'வேதம்' என்று சுருக்கிச் சொன்னார்கள். 'வே' 4, 'த' 8. அதாவது எண்ணின் கடைசி இரண்டு இலக்கமான 84. லெ ஜாந்தியும் வாரனும் இந்தப் பெயர்களைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேதத்தின் ஜாதகம்

இனி இந்த 'வேதம்' என்ற எண்ணுக்கே ஜாதகம் எழுதிப் பார்ப்போமா? நாள் கணக்கை மறந்துவிட்டு, வெறும் எண்ணாக மட்டும் பாருங்கள்.

முதலில், இதை 7 ஆல் வகுத்தால் மிச்சமே இல்லை. சரியாக 2,28,712 வாரம். கலியுகம் தொடங்கியது வெள்ளிக்கிழமை என்பது கணக்கு. ஆகவே, நம் 1282 மே 22-ம் வெள்ளிக்கிழமையே!

அடுத்து, இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டுங்கள். 1, 0, 9, 4 சேர்ந்தால் 14. விட்டுப்போன 6, 0, 8 சேர்ந்தாலும் 14. இப்படி இரண்டு பக்கமும் தராசுபோல் சமமாக நின்றால் அந்த எண் 11 ஆல் வகுபடும். முழுவதும் பிரித்துப் பார்த்தால், 8, 7, 11, 23, 113 ஆகியவற்றைப் பெருக்கினால் வருவதுதான் 16,00,984. இதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் எத்தனை தெரியுமா? ஒன்றையும் அந்த எண்ணையும் சேர்த்து, அறுபத்து நான்கு. ஆய கலைகளின் தொகை!

அந்த 64-இல் தன்னை நீக்கி மற்ற எல்லாவற்றையும் கூட்டினால் 23,38,856 வருகிறது. எண்ணை விடக் கூட்டுத்தொகை பெரியது. இப்படிப்பட்ட எண்களைக் கணித சாஸ்திரிகள் 'மிகை எண்' என்று ஒரு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கூட்டுத்தொகை சரியாக எண்ணுக்குச் சமமாக வந்தால் அது 'நிறை எண்'. அது மிக அபூர்வம்.

அந்த அபூர்வம் பக்கத்திலேயே இருக்கிறது பாருங்கள். நம் எண்ணின் ஏழு இலக்கங்களையும் கூட்டினால் 28. இந்த 28 ஒரு நிறை எண்: 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28. அதோடு, 16,00,984-ஐ அந்த 28-ஆலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம், ஈவு 57,178. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் எண்ணுக்கு 'ஹர்ஷத' எண் என்று பெயர் வைத்தவர் டி. ஆர். காப்ரேகர். நாசிக்குக்கு அருகில் தேவ்லாலியில் பள்ளி உபாத்தியாயராக இருந்து, 1986-இல் மறைந்தவர். 'ஹர்ஷம்' என்றால் சந்தோஷம். சந்தோஷம் தரும் எண். நம் ராமானுஜனுடைய 1729-உம் இந்த ஜாதிதான்: இலக்கங்களைக் கூட்டினால் 19, 19-ஐ 91 ஆல் பெருக்கினால் 1729. மரக்கால் எண்ணான 3,031-உம் அப்படியே, கூட்டினால் 7, 7-ஐ 433 ஆல் பெருக்கினால் 3,031.

(28 என்றதும் உங்களுக்கு 28-ஆம் நம்பர் பாம்புப் பஞ்சாங்கம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அது தற்செயல்தான்!)

வாரத்தோடு பொருந்தியதும், கலைகளோடு பொருந்தியதும், சந்தோஷ எண்ணானதும் தற்செயல்தான். 1282-இல் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சந்திரனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களே தவிர, இதற்காக அல்ல. ஆனாலும், எந்தப் பெரிய எண்ணையும் பிரித்துப் பார்த்தால் அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது. கூட்டத்தில் முகம் தெரியாமல் நிற்கிறவரோடு நாலு வார்த்தை பேசினால் உறவு முறை கிளம்புகிறதே, அதைப்போல.

புரிந்ததா, புரியவில்லையா?

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது முழு உண்மை ஆகாது. லெ ஜாந்தி சொன்ன கிரகணத்தில் பிசகு விநாடிக் கணக்கில் இருந்தது. சேஷய்யாவின் 1825 கிரகணத்தில் அப்படி இல்லை. பிடிக்கும் நேரத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், விடும் நேரத்தில் 52 நிமிஷம் பிசகு. பழைய எண்கள் காலத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்துவதற்குத் தத்துவம் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் மட்டும் போதாது என்பதற்கு அந்த 52 நிமிஷமே சாட்சி.

ஆனால், மனப்பாடத்தை இளக்காரமாக நினைத்துவிடவும் கூடாது. 1952-இல் ஆட்டோ நியூகபவர் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் 'தமிழ் வான சாஸ்திரம்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியாவின் களிமண் பலகைகளை வாசித்து அறிந்த மேதை அவர். புதுச்சேரியில் சோழி நகர்த்தியவரின் 248 நாள் கணக்கு, பாபிலோனியப் பலகைகளில் இருக்கிறது; எகிப்தில் கிடைத்த ஒரு பழைய கிரேக்கச் சுவடியில் 248, 3,031 இரண்டுமே இருக்கின்றன! புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியர் ஜாடிகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்ததை நாம் அறிவோம். ஜாடி உடைந்துபோயிற்று. எண் மட்டும் உடையாமல், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறி, 1825 வரை உயிரோடு இருந்தது. தத்துவம் தெரியாத ஒருவருடைய ஞாபக சக்திதான் அதைக் காப்பாற்றியது. வாரன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளாமல் இருந்திருந்தால், புதுச்சேரித் தரையில் நடந்த அந்தக் கணக்கு சோழிகளை அள்ளியதும் கலைந்து போயிருக்கும்.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் பெண்ணுக்குக் கணக்கு வராது, சும்மா உருப்போடுகிறாள்" என்று சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்கிறோம். உருப்போடட்டும், தவறில்லை. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். "ஏன் 248?" என்று அவள் கேட்கிற அன்று, அடுப்பு வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, சேர்ந்து தேடலாம். மனப்பாடம் பெட்டியைப் பத்திரமாகக் காப்பாற்றும். பெட்டியைத் திறப்பது அந்த 'ஏன்'தான்.

பல்லாங்குழி ஆடிய சோழிகள் உங்கள் வீட்டுப் பரண்மேல் எங்கேயாவது இருக்கும். இறக்கித் தூசி தட்டி, அவள் கையில் கொடுங்கள். ஒரு காலத்தில் அந்தச் சோழிகளுக்குள் சந்திரன் அடங்கியிருந்தது என்று சொல்லுங்கள். அடுத்த கிரகணத்தன்று அவளும் நீங்களுமாக மொட்டை மாடியில் நின்று, கையில் கடிகாரத்தோடு, பஞ்சாங்கம் சொன்ன நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்!